வாசகர் கேள்வி – பதில்: கம்பெனி ஸ்டீரியோவுடன் சப்வூஃபர் சேர்க்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது சிறிய ஹேட்ச்பேக் கார். கம்பெனியிலிருந்தே வந்த டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவும் நான்கு கதவுகளிலும் ஸ்பீக்கர்களும் உள்ளன. நாகஸ்வரக் கச்சேரி போட்டால் தவிலின் தொப்பிப் பக்க நாதம் காதுக்கு எட்டுவதே இல்லை. தாழ்ந்த ஒலிக்கென்றே (பேஸ்) உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் வேண்டுமென்றால் ஸ்டீரியோவையே மாற்றியாக வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றினால் ஸ்டீரிங்கில் உள்ள பட்டன்களும் ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்யாமல் போய்விடுமோ என்று தயங்குகிறேன். வேறு வழி உண்டா, ஐயா?
– ஈரோடு வாசகர்

பதில்: உண்டு. ஸ்டீரியோவைத் தொடவே வேண்டியதில்லை. உங்கள் குறைக்குக் காரணம் ஸ்டீரியோவின் தரம் அல்ல. அதற்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. (ஒலி சிக்னலைப் பெருக்கும் சில்லு) ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாகத் தரக்கூடியது ஏறத்தாழ 15 முதல் 20 வாட் மட்டுமே என்பதும், கதவில் உள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கரால் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு இத்தனை அதிர்வு; எண் குறைந்தால் ஒலி தாழும்) கீழே காற்றைப் போதிய அளவு தள்ள முடியாது என்பதும்தான் காரணம். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலிக்குத் தனி ஸ்பீக்கரும், அதை இயக்கத் தனி ஆம்ப்ளிஃபையரும் வேண்டும்.

கடைக்காரர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களின் பின்புறம் ஆம்ப்ளிஃபையருக்கென்று ஆர்.சி.ஏ. அவுட்புட் (குறைந்த வோல்டேஜில் ஒலி சிக்னலைத் தரும் வட்டச் செருகி) இருக்கும், கம்பெனி ஸ்டீரியோக்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. ஆனால் இன்று கிடைக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் 'ஹை லெவல் இன்புட்' என்ற இணைப்பு உள்ளது. பின் ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயர்களிலிருந்தே அதற்கு ஒலியைக் கொடுத்துவிடலாம். அந்த வசதி இல்லாத ஆம்ப்ளிஃபையர் என்றால், ஸ்பீக்கர் வயரின் அதிக வோல்டேஜைக் குறைத்து ஆர்.சி.ஏ. சிக்னலாக மாற்றித் தரும் 'லைன் அவுட்புட் கன்வெர்ட்டர்' என்ற சிறு பெட்டியை இடையில் வைத்துக்கொள்ளலாம். இவ்விரண்டில் எதுவானாலும் கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். பல மாடல்களுக்கு, ஸ்டீரியோவின் பின்புறக் கப்ளருக்கும் (வயர்களைச் சேர்க்கும் செருகி) காரின் கப்ளருக்கும் நடுவே அப்படியே பொருந்தும் வயர் செட் கிடைக்கிறது. பின்னாளில் கழற்றினால் கார் பழையபடியே இருக்கும். வாரண்டி பற்றிய வாக்குவாதத்துக்கும் இடம் குறையும்.

வேலை நடக்கும்போது நீங்கள் அருகில் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயர் இரண்டிலுமே பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறையப் பாதி, அதாவது ஆறு வோல்ட் அளவுக்கு, ஸ்டீரியோ ஆனில் இருக்கும்வரை நின்றுகொண்டிருக்கும். ஆகவே அவற்றில் கறுப்புக் கோடு போட்ட வயரை 'நெகட்டிவ்தானே' என்று பாடியில் எர்த் செய்தால் ஸ்டீரியோவின் ஐ.சி. எரிந்துபோகக்கூடும். அதே ஆறு வோல்ட்டைக் கண்டுகொண்டு தானாகவே ஆன் ஆகும் ஆம்ப்ளிஃபையர்களும் உள்ளன. அந்த வசதி இல்லையென்றால், சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து, ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யச் சொல்லும் 'ரிமோட்' வயரை எடுக்க வேண்டும். எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் அதைக் கொடுத்துவிட்டால் ஆம்ப்ளிஃபையர் இரவெல்லாம் விழித்திருக்கும்; சிறிய கார் பேட்டரி அதைச் சில நாட்கள்கூடத் தாங்காது.

கேள்வி: எனக்குப் பொருத்தித் தந்த 300 வாட் ஆம்ப்ளிஃபையரின் பவர் வயரில் ஃபியூஸ் டிக்கியில், ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே இருக்கிறது. "ஃபியூஸ் எங்கே இருந்தாலும் ஃபியூஸ்தான்" என்கிறார்கள். இது சரியா?
– திருச்சி வாசகர்

பதில்: சரியல்ல. தயவுசெய்து இந்த வாரமே மாற்றுங்கள். அதுவரை பேட்டரி முனையில் அந்த வயரைக் கழற்றி, நுனியில் இன்சுலேஷன் சுற்றி வையுங்கள்.

அந்த ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஆம்ப்ளிஃபையரை அல்ல, வயரை. ஆம்ப்ளிஃபையருக்குப் பெரும்பாலும் அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் இருக்கும். பேட்டரியில் புறப்பட்டு, இன்ஜின் அறையின் இரும்புச் சுவரைத் துளைத்து, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி டிக்கிக்கு வரும் அந்த நான்கைந்து மீட்டர் வயர் வழியில் எங்காவது உரசி, மேலுறை கிழிந்து, காரின் பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை அதன் வழியே கொட்டும். வயர் பழுக்கச் சூடாகிக் கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸ் இதைத் தடுக்கவே முடியாது, ஏனென்றால் மின்சாரம் அந்த ஃபியூஸ் வரை வரவே இல்லை. எனவே பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இரும்புச் சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையமும் கட்டாயம்.

ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். உண்மையில் 300 வாட் தரும் கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர் 80 சதவீதத் திறனில் வேலை செய்தால், பேட்டரியிலிருந்து 375 வாட் இழுக்கும். அதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 27 ஆம்பியர். எட்டு கேஜ் (வயரின் தடிமன் அளவு; எண் குறைந்தால் வயர் தடிக்கும்) சுத்தச் செம்பு வயரும், தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாத பட்சத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸும் உங்களுக்குப் போதும்.

சுத்தச் செம்பு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கடைகளில் தொங்கும் மலிவான வயர் கிட்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது கடத்தும். ஒரு இழையைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். ஐந்து மீட்டர் நீளத்தில் 27 ஆம்பியர் ஓடும்போது எட்டு கேஜ் செம்பில் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு. முலாம் வயரில் அது அரை வோல்ட்டை நெருங்கும். முலாம் வயர்தான் கிடைக்கிறது என்றால் நான்கு கேஜுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்ற சத்தம் ஏறுகிறது. ஆம்ப்ளிஃபையரில் கோளாறா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் அந்தச் சத்தம், இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிக்கும் முன், அதைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த்தைப் பாருங்கள். எர்த் வயர் அரை மீட்டருக்கு மேல் நீளாமல், பெயின்ட்டை முழுவதும் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரியும் இடத்தில், இறுக்கமாக போல்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிறகு துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு இது மிகவும் அவசியம். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் ஒருபோதும் எர்த் எடுக்காதீர்கள். உயிர் காக்கும் அந்த போல்ட்டின் பிடிமானத்தில் எதுவும் குறுக்கே வரக்கூடாது.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால், ஆர்.சி.ஏ. கேபிளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது கேபிள் வழியாக வருகிறது. பவர் வயர் காரின் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. மறுபக்கமுமாக ஓடுவதுதான் முறை.

கேள்வி: 1,500 வாட் என்று அட்டைப் பெட்டியில் போட்ட ஆம்ப்ளிஃபையர் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: பெட்டியை விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் உடம்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது 30 ஆம்பியர் என்றால், 13.8 வோல்ட்டால் பெருக்கி அதில் 80 சதவீதம் எடுங்கள்: ஏறக்குறைய 330 வாட். அதற்கு மேல் அந்த ஆம்ப்ளிஃபையரால் தொடர்ந்து தர இயலாது. மின்சாரத்தை அதிகம் வீணாக்கும் பழைய கிளாஸ்-ஏபி வகையென்றால் இன்னும் குறையும். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய அளவு) என்று குறிப்பிட்ட வாட்டை மட்டுமே நம்புங்கள். சிறிய காருக்கு 150 முதல் 300 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம் என்பது என் கருத்து.

கேள்வி: டிக்கியை சி.என்.ஜி. சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. சப்வூஃபருக்கு இடமே இல்லையா?
– கோவை வாசகர்

பதில்: சீட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய சப்வூஃபர், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்தது, உங்களுக்கு ஏற்றது. பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் பெட்டி தரும் பேஸின் ஆழம் அதில் வராது. ஆனால் கதவு ஸ்பீக்கர்கள் விட்டுவிடும் பகுதியை நன்றாகவே நிரப்பும். சீட் முன்னும் பின்னும் நகரும்போது இடிக்கிறதா என்று அளந்து வாங்குங்கள். சில மைல்ட் ஹைபிரிட் கார்களில் ஒரு சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி இருக்கும். அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாயிற்று. ஆனால் பாட்டு முழுவதும் ஒரே 'திம் திம்' என்று தலைவலிக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் உள்ள கெயின் திருகு எந்த அளவில் இருக்க வேண்டும்?
– சேலம் வாசகர்

பதில்: கெயின் என்பது வால்யூம் அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு. அதை முழுக்கத் திருகி வைத்தால் ஒலி அலை உச்சியில் வெட்டுப்பட்டு, சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) சூடேறிக் கருகும். முதலில் கெயினைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். பேஸை மட்டும் கூட்டும் 'பேஸ் பூஸ்ட்'டை அணைத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

பிறகு சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீராக ஒலிக்கும் சோதனை ஒலி) ஒன்றை ஸ்டீரியோவில் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். ஆம்ப்ளிஃபையரின் வாட்டை சப்வூஃபரின் ஓம்ஸால் (மின்தடை அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிற்க வேண்டிய வோல்ட் கிடைக்கும். 200 வாட், நான்கு ஓம்ஸ் என்றால் 28 வோல்ட். இரண்டு ஓம்ஸ் என்றால் 20 வோல்ட். அந்த எண் வரும் வரை மட்டும் கெயினை மெல்லத் திருப்புங்கள். வால்யூம் ஏற ஏற பேஸைத் தானாகவே குறைத்துவிடும் கம்பெனி ஸ்டீரியோக்கள் சில உண்டு. உங்களுடையது அவ்வகையென்றால், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலும் ஒருமுறை அளந்து, அந்த எண்ணைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, சப்வூஃபரை மீண்டும் இணைத்து, ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் அமர்ந்துகொண்டு, சப்வூஃபரின் அதிர்வுத் திசையை மாற்றும் ஃபேஸ் சுவிட்சை 0-விலும் 180-லும் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பேஸ் டிக்கியிலிருந்து வருவது போல் இல்லாமல் முன்னால் பாடுபவரோடு சேர்ந்து எந்த நிலையில் ஒலிக்கிறதோ, அதில் விட்டுவிடுங்கள்.