பேராசிரியை ஒருவர் நிர்வாகப் பொறுப்பை ஏற்கலாமா?

கேள்வி: பல ஆண்டுகளாகக் கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கிறேன். அரசின் மருந்துத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்க அழைப்பு வந்திருக்கிறது. "பாடம் நடத்துவது வேறு, அதிகாரத்தில் உட்காருவது வேறு, வியாபாரிகளைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது" என்று வீட்டில் தடுக்கிறார்கள். நைஜீரியாவில் ஒரு பேராசிரியை இதே வேலையைச் செய்து காட்டினார் என்று என் மாணவி சொன்னாள். அவர் யார்? நான் இந்தப் பொறுப்பை ஏற்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மாணவி சொன்னவர் டோரா அகுன்யிலி. 1954-ல் பிறந்து, நுசுக்காவில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் படித்து, அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே வகுப்பெடுத்தவர்; ஆறு பிள்ளைகளின் தாய். 2001-ல் அதிபர் ஒபசாஞ்சோ அவரை நாஃப்டாக் என்னும் தேசிய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தலைமை இயக்குநராக நியமித்தார்.

அதற்கு முன் அவர் வேறொரு அரசு நிதியத்தில் பணியாற்றியபோது, லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதால், அதற்கென ஒதுக்கிய 12,000 பவுண்டை அவர் அப்படியே நிதியத்திடம் திருப்பிக் கொடுத்தார். அதிபரின் காதுக்கு எட்டிய செய்தி இதுதான். பரிந்துரை பிடித்து வந்த பதவி அல்ல அது.

அவர் பொறுப்பேற்ற காலத்து நைஜீரியாவில், கடைகளில் விற்ற மருந்துகளில் பெரும்பகுதி முறையாகப் பதிவு செய்யப்படாதவை. 1990-ல் நச்சு கலந்த பாராசிட்டமால் சிரப்பைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். நீரிழிவு நோயாளியான அகுன்யிலியின் தங்கையும் 1988-ல் போலி இன்சுலின் போடப்பட்டு உயிரிழந்தவர். ஆகவே மருந்து அட்டையில் இருக்கும் பொய் என்ன செய்யும் என்பதை அவருக்கு எந்தக் கோப்பும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டார் சொல்லும் முதல் தடைக்கு, அதாவது ஆசிரியருக்கு அதிகாரம் கைவராது என்பதற்கு, அவர் வேலை செய்த விதமே பதில். கடை கடையாகத் துரத்துவதோடு அவர் நிற்கவில்லை. போலி மருந்து எந்த வழியாக நாட்டுக்குள் வருகிறது என்று பார்த்து அந்த வழியை அடைத்தார். மருந்து இறக்குமதியைக் குறிப்பிட்ட சில துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் மட்டுமே என்று சுருக்கினார். போலிகள் நம் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்கூடப் போய்க்கொண்டிருந்தன என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். அந்த இரு நாடுகளிலும் பரிசோதகர்களை அமர்த்தி, சரக்கு கப்பலேறும் முன்பே தரச்சான்று பெற வேண்டும் என்றாக்கினார். பிடிபட்ட மருந்துகளைப் பொது இடத்தில் எரித்தார். வானொலியிலும் செய்தித்தாளிலும் இடைவிடாமல் எச்சரித்து, நாஃப்டாக் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் பழக்கத்தைச் சாதாரண மக்களிடம் உண்டாக்கினார். தெருவில் விற்கும் தண்ணீர்ப் பாக்கெட்டில்கூட அந்த எண்ணைத் தேடும் அளவுக்கு அது வேரூன்றியது. எங்கே சோதிக்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று துறை அறிந்தவரால்தான் இப்படித் திட்டமிட முடியும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இத்தனை காலம் நீங்கள் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தானே!

இரண்டாவது தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்; அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2003 டிசம்பரில், சொந்த மாநிலமான அனம்ப்ராவில் அவர் சென்ற கார் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு அவருடைய தலைத்துணியைக் கிழித்து, உச்சந்தலையை உரசிப் போனது. அங்கே ஒரு பேருந்து ஓட்டுநர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டில் நாஃப்டாக்கின் அலுவலகமும் ஆய்வகமும் தீக்கிரையாயின. அவர் விலகவில்லை. 2007-ல் அதே அனம்ப்ராவில் உள்ள ஒனிட்சா மருந்துச் சந்தையை மூடிச் சோதனையிட்டு, லாரி லாரியாகப் போலிச் சரக்கை அள்ளிக்கொண்டு போகச் செய்தார். ஆனால் அவருடைய துணிச்சலை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் கிளம்பிவிடக் கூடாது. அதிபரின் ஆதரவு அவருக்குப் பின்னால் இருந்தது.

அவருடைய பிற்காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2008 இறுதியில் தகவல் துறை அமைச்சரானார்; நாட்டின் பெயரை உலக அரங்கில் உயர்த்தும் பிரசாரம் ஒன்றை நடத்தினார். நாஃப்டாக்கில் இருந்த எடை அந்தப் பதவியில் அவர் சொல்லுக்கு இருக்கவில்லை என்பது என் கருத்து. அதிபர் யார்அதுவா நோயுற்று நாட்டில் இல்லாதபோது, துணை அதிபர் ஜோனாதன் பொறுப்பேற்க வேண்டும் என்று 2010 பிப்ரவரியில் அமைச்சரவைக்கு அவர் துணிந்து கொடுத்த குறிப்பு மட்டும் விதிவிலக்கு. 2011-ல் செனட் தேர்தலில் நின்று தோற்றார். 2014 ஜூனில், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வந்திருந்த இந்தியாவில் காலமானார். தமக்கு நன்கு தெரிந்த துறையில் இருந்தவரைதான் அவரை அசைக்க முடியவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு வந்திருப்பதும் உங்கள் துறைப் பதவியே என்பதால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

ஆனால் ஒப்புதல் கடிதம் கொடுக்கும் முன், அழைத்த அதிகாரியை நேரில் பார்த்துச் சிலவற்றைக் கேளுங்கள். ஆய்வகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமா, அல்லது முடிவுக்காக வேறொரு துறையின் வாசலில் காத்திருக்க வேண்டுமா? லஞ்சத்துக்குக் கைநீட்டும் ஊழியரை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்குமா? சோதனைக்குப் போகும் இடத்தில் மிரட்டல் வந்தால் காவல்துறையிடம் யார் பேசுவார்கள்? இவற்றுக்கான பதில்களை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர அந்த அதிகாரி தயங்கினால், கல்லூரிப் பணியை விட்டு விலகாமல் அயற்பணியாக ஓராண்டு மட்டும் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டாரிடமும் "பயமில்லை" என்று சொல்லாதீர்கள். வாங்கிய பதில்களைக் காட்டிப் பேசுங்கள்.