வெள்ளைச் சேலைக்கு முந்தைய குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குச் சென்னிமலை. கணவர் தறிப்பட்டறை வைத்திருக்கிறார்; மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கவிதை எழுதத் தொடங்கினேன்; எழுதுவதெல்லாம் அவரைப் பற்றித்தான். பாடகியும் நடிகையுமான கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலுக்கு அந்த உருக்கத்தைத் தந்தது கணவர் கிட்டப்பாவை இழந்த துயரமே என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அப்படியென்றால், நிம்மதியாகக் காதலித்து வாழ்கிறவளுக்கு எழுத்து கைகூடாதா? யாராவது கேட்டால் முருகனைப் பாடியதாகச் சொல்லிவிடு என்கிறார் என் மாமியார். மூன்று கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கூட்டத்தில் பேசியவர் காலவரிசையைக் கவனிக்கவில்லை. 1908-இல் பிறந்த சுந்தராம்பாள், சிறுமியாக ரயிலில் பாடிக் கேட்டவர்களால் நாடகத்துக்கு வந்து, இலங்கை வரை சென்று மேடையேறிப் பெயர் பெற்ற பிறகே கிட்டப்பாவைச் சந்தித்தார். 1933-இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. துயரம் அந்தக் குரலுக்குள் போயிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் குரல் அதற்கு முன்பே, பசியாலும் பயிற்சியாலும், உருவாகிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் ‘பக்த நந்தனா’ரில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தாரே, அந்தத் துணிச்சலைப் பேசுகிறவர்கள் குறைவு, கிட்டப்பா இறந்த பிறகு உடுத்திய வெள்ளைச் சேலையைப் பேசாதவர் இல்லை.

படைக்கும் பெண்ணின் காதல் முடிந்துபோன பிறகுதான் நமக்கு அதன்மேல் மரியாதை வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1953-இல் சுந்தராம்பாள் ஏற்று நடித்த ஔவையாரும், கல்யாணத்துக்கு அஞ்சி இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றதாகச் சொல்லப்படும் ஔவைதான். சங்க காலத்து ஔவையோ (இருவரும் வெவ்வேறு காலத்தவர் என்பதே ஆய்வாளர் கருத்து), தன் காதல் நோயை அறியாமல் உறங்கும் ஊரைப் பார்த்து “முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்” என்று குமுறும் தலைவியைக் குறுந்தொகையில் படைத்தவர். அந்த ஔவைக்கு நாம் சிலை வைப்பதில்லை.

என் காதல் கதை ஒன்று பத்திரிகையில் வந்தபோது, உறவுக்காரர் வீட்டுச் சீரில் பெரியம்மா ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “இது யாரு கண்ணு?” என்றார். கொலை நடக்கும் கதையை எழுதியபோது, யாரைக் கொன்றாய் என்று அவர் கேட்கவில்லை.

நிம்மதியை எழுதுவது கடினம் என்பது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் உங்கள் வாழ்க்கையன்று, மரபு. அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பிரிவைப் பாடும் பாலைத்திணைப் பாடல்கள். பிரிந்தவளுக்குக் காடும் வெயிலும் பருந்தும் ஆயத்தமாக இருக்கின்றன, பத்தாண்டுகளாக ஒரே வீட்டில் கூடி வாழ்கிறவளுக்கு அப்படி எதுவும் சேர்த்துவைக்கப்படவில்லை. ஆகவே அவள் தானே பார்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் இரண்டாம் கவிதையில் அது நடந்திருக்கிறது: தறிச் சத்தத்தில் காதில் எதுவும் விழாத பட்டறையில், கணவர் சொல்வதை உதட்டசைவிலேயே படித்துப் பழகியவள், இரவில் தறி நின்ற பிறகும் அவர் பேசும்போது காதைவிட உதட்டையே நம்புகிறாள். மற்ற இரண்டும் எங்கோ படித்த பிரிவின் எதிரொலிகள், அவற்றை விட்டுவிடலாம்.

புனைபெயரில் அனுப்புவதும் சொந்தப் பெயரில் அனுப்புவதும் உங்கள் விருப்பம். இரண்டாம் கவிதையின் கடைசி இரண்டு வரிகளில் திடீரென்று முருகன் வந்து நிற்கிறான். அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.