எட்டாவதோ, ஒன்பதாவதோ?

கேள்வி: ராணுவத்தில் மத ஆசிரியராக இருக்கிறேன், நாயப் சுபேதார் ரேங்க். மதராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன் ஒன்றில் எல்லோருக்கும் நான் பண்டிட்ஜி. சியாச்சின் பேஸ் கேம்ப்பில் எங்கள் டென்யூர், அதாவது பணிக்காலம், முடிகிறது. யூனிட் அடுத்து பீஸ் ஸ்டேஷன் போகிறது, எல்லைப் பதற்றம் இல்லாத ஊர். அதற்கு முன் எனக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு. சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. போன லீவில் பன்னிரண்டாம் நாளே ‘எப்போது திரும்பலாம்’ என்று ஆகிவிட்டது. மனைவி பேசுவது காதில் விழுகிறது, மனதில் ஏறுவதில்லை. இங்கே கஷ்டம் என்று வரும் சிப்பாய்ப் பையன்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து உட்கார்ந்து பேசுகிறேன். நாயக் ரேங்க்காரர் ஒருவரின் மகள் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் 71 எடுத்தாள் என்று மனிதர் இடிந்து போனார். நர்ஸிங் படிப்பு வரை வழி சொல்லி அவரைத் தேற்றினேன். என் வீட்டில் மட்டும் வார்த்தை வருவதில்லை. ஒரே மகன், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறான். நல்ல பையன், தொந்தரவு இல்லை. வேலூர், திருப்பத்தூர் பக்கத்துப் பையன்கள் வீட்டில் கொடுக்கச் சொன்ன பொட்டலங்கள் ஏழு சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெயர், ஊர், தெரு எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரம் அதிலேயே போய்விடும். மீதி நாட்களுக்கு மனம் அமைதியாக ஏதாவது தியானமோ பயிற்சியோ சொல்வீர்களா?
(பெயர் வேண்டாம், குடியாத்தம் பக்கம்)

பதில்: தியானத்தை உங்களுக்கு நான் சொல்வதா? அது உங்கள் தொழில். கொல்லன் தெருவில் ஊசி விற்க நான் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் எண்களெல்லாம் சுத்தம். 60 நாள், பன்னிரண்டாம் நாள், ராத்திரி இரண்டு மணி, ஏழு பொட்டலம், அடுத்தவர் மகளின் கெமிஸ்ட்ரி 71. பெற்ற மகனிடம் வந்ததும் இரண்டு ‘ஓ’. எட்டாவதோ, ஒன்பதாவதோ.

மறதி என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். சில்ட்ரன் எஜுகேஷன் அலவன்ஸ் வருடா வருடம் வாங்குகிறீர்கள் அல்லவா? தலைமை ஆசிரியரிடம் மனைவி வாங்கி அனுப்பும் சான்றிதழில் பையன் எந்த வகுப்பு என்று இருக்கும். கிளெய்மில் கையெழுத்து உங்களுடையது. மாதத்துக்கு 2,812 ரூபாய் 50 காசு என்பது நிச்சயம் உங்களுக்கு மனப்பாடம். அந்தக் காசு எந்த வகுப்புக்கு வந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

‘நல்ல பையன், தொந்தரவு இல்லை’ என்பதையும் நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இல்லாத மனிதரை எந்தப் பிள்ளையும் தொந்தரவு செய்ய முடியாது.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால்கூட விட்டிருப்பேன். நீங்கள் எடுக்க வேண்டிய ஒவ்வொரு முடிவும் அந்த ‘ஓ’வில்தான் தொங்குகிறது. பீஸ் ஸ்டேஷன் என்றால் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். மேரிட் குவார்ட்டர்ஸ் கேட்டதும் கிடைக்காது, வரிசை உண்டு, எனவே பெயரை இப்போதே கொடுக்க வேண்டும். பையன் எட்டாவது என்றால் கல்வியாண்டு முடிந்ததும் கேந்திரிய வித்யாலயாவிலோ ஆர்மி பப்ளிக் ஸ்கூலிலோ ஒன்பதில் சேர்த்து, சி.பி.எஸ்.இ. பாடத்துக்கும் இந்திக்கும் பழக ஒரு வருடம் கொடுக்கலாம். ஒன்பதாவது என்றால் அடுத்தது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அந்த வருடம் பாடத்திட்டத்தை மாற்றி பையனைத் தவிக்க விடக்கூடாது. மனைவியும் மகனும் குடியாத்தத்திலேயே இருக்கட்டும், நீங்கள் 60 நாளையும் 30 நாள் கேஷுவல் லீவையும் அவன் பரீட்சையை ஒட்டிப் பிரித்துப் போட வேண்டும். உடுமலைப் பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியும் ஆறிலும் ஒன்பதிலும் மட்டுமே சேர்க்கிறது. ஒன்பதுக்கு, சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று வயது 13 முதல் 15-க்குள் இருக்க வேண்டும், நுழைவுத்தேர்வு உண்டு, ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. எட்டு என்றால் அந்தக் கதவு திறந்திருக்கிறது, ஒன்பது என்றால் மூடிவிட்டது. (அனுப்பச் சொல்லவில்லை. அப்பா இல்லாத பையனை அம்மாவும் இல்லாத பையனாக்க எனக்குச் சம்மதமில்லை.)

இனி, மனைவி பேச்சு ஏன் மனதில் ஏறவில்லை என்பதற்கு வருகிறேன். அமைதி குறைவதால் அல்ல. அவர் பேச்சில் வருகிற ஆட்களை உங்களுக்குத் தெரியாது. டியூஷன் சார், பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்த பெண், மோட்டாருக்கு காயில் கட்டிக் கொடுத்தவர், நகைக்கடன் புதுப்பித்த சங்கத்துச் செயலாளர். இடைவேளைக்குப் பிறகு படத்துக்குள் நுழைந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். பையன்களின் கதையில் அப்படி இல்லை, ஒவ்வொருவரையும் முதல் காட்சியிலிருந்து தெரியும். அதனால் அங்கே வார்த்தை வருகிறது.

ஆகவே கீழே இறங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பையன்களின் விவரம் எழுதி வைத்திருக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வகுப்பு, பிரிவு, வகுப்பாசிரியர் பெயர், கூட உட்காருகிறவன் பெயர், செருப்பு அளவு, எந்தப் பாடம் உதைக்கிறது. மனைவிக்கு: என்ன மாத்திரை, எந்தக் கடன் எந்தத் தேதி, கடைசியாகத் தாய்வீட்டுக்குப் போனது எப்போது. ஒரே போனில் கேட்டால் ராணுவ விசாரணை, கோர்ட் ஆஃப் என்கொயரி மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். வகுப்பை மட்டும் இன்றைக்கே மனைவியிடம் கேளுங்கள், பையனிடம் கேட்டுவிடாதீர்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் அங்கேயே முடிய வேண்டும். உங்களை நம்பியிருக்கும் பையன்களில் நாலைந்து பேர் நிஜமாகவே விளிம்பில் இருப்பார்கள், யாரென்று உங்களுக்குத் தெரியும். புறப்பட ஒரு வாரம் முன்பே அவர்களிடம் ‘நான் லீவ் போகிறேன், உன் விஷயத்தை டாக்டர் சாகிப்பிடம் சொல்லட்டுமா’ என்று கேட்டு, யூனிட் டாக்டரான ஆர்.எம்.ஓ.விடமும் கம்பெனி கமாண்டரிடமும் நேரில் கூட்டிப்போய் ஒப்படையுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் தெரிந்திருக்கட்டும். ‘எப்ப வேணா போன் பண்ணுப்பா’ என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வருவதற்குப் பெயர் ஒப்படைப்பு அல்ல. அப்படிச் செய்தால் 60 நாளும் உங்கள் காது லடாக்கில்தான் இருக்கும். வீட்டிலிருக்கும்போது அவர்களுக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் ஏழு முதல் எட்டு. மற்ற நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள், ராணுவத்தினருக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது என்பதை உங்கள் ராணுவமே எழுதி வைத்திருக்கிறது. மேலே போகும்போது அக்ளைமடைசேஷன், அதாவது உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது: முதல் கட்டம் 6 நாள், அடுத்து 4, அதற்கும் மேலே இன்னொரு 4. முதல் இரண்டு நாள் ஓய்வு, குடியிருப்புக்குள் சின்ன நடை மட்டும், ஏற்றம் கூடாது. மூன்றாம், நான்காம் நாள் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர், மெதுவாக. அதற்குப் பிறகுதான் ஏற்றம். அவசரப்பட்டவனுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! இறங்கும்போது மட்டும் எவருக்கும் இந்த ஒழுங்கு ஞாபகம் வருவதில்லை. வந்த மூன்றாம் நாளே கணக்கு நோட்டைத் தூக்கி, ‘கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது’ என்று ஆரம்பிக்கிறார்கள்.

வீட்டிலும் அதே 6, 4, 4. முதல் இரண்டு நாள் யாரையும் திருத்தாதீர்கள், எதையும் விசாரிக்காதீர்கள். காலை நாலு மணிக்கு மணியடித்துப் பூஜை செய்து வீட்டை எழுப்பவும் கூடாது, சத்தமில்லாமல் செய்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. மூன்றாம், நான்காம் நாள் பையனோடு நடை. கடைக்கோ, மாவு மில்லுக்கோ, ஏதாவது ஒரு வேலையாக. எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினால் பதிமூன்று வயதுப் பையன் வாய் திறக்க மாட்டான், பக்கத்தில் நடந்தால் தானாகப் பேசுவான். உபதேசம் வாயில் வரும், கோயிலில் பையன்களைக் கூட்டிப் பேசும் மந்திர் பரேடு குரலும் வரும். விழுங்குங்கள். ஐந்து, ஆறாம் நாளில் ‘எந்த வேலையை நான் எடுத்துக்கட்டும்’ என்று மனைவியைக் கேட்டு, அவர் கொடுப்பதை மட்டும் எடுங்கள். ரேஷன் கடை வரிசை என்றால் ரேஷன் கடை வரிசை. இத்தனை வருடமாக அவர் நடத்தும் யூனிட் அது. அங்கே நீங்கள் புதிதாக வந்த டிராஃப்ட் ஆள், அதிகாரம் செய்யும் சீனியர் ஜே.சி.ஓ. அல்ல. அடுத்த நாலு நாளில் இருவருமாகப் பள்ளிக்கூடம் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். கடைசி நாலு நாளில்தான் வெளியூர்.

உடம்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் மாதக்கணக்கில் இருந்தால் ரத்தம் கெட்டியாகும், கீழே வந்து பல வாரம் கழித்தே பழைய நிலைக்கு இறங்கும். டெல்லியில் ஏறிக் காட்பாடியில் இறங்க ஒன்றரை நாளாகும். அப்பர் பெர்த்தில் சுருண்டு கிடக்காமல் தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரண்டு மணிக்கொரு தரம் பெட்டிக்குள் நடங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டர். முதல் ஒன்று இரண்டு வாரம் அசதியும் பகல் தூக்கமும் வரலாம். ‘இது உடம்பு, உன் மேல் கோபமில்லை’ என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘வந்ததும் வராததுமாகத் தூங்குகிறார், நம்மோடு இருக்கப் பிடிக்கவில்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் பிடிக்காமல், கனவில் பதறி, சின்னச் சத்தத்துக்கெல்லாம் துள்ளினால், அது பழக வேண்டிய விஷயமல்ல, வைத்தியம் வேண்டிய விஷயம். பாகாயம் சி.எம்.சி. மனநல மையம் உங்களுக்குத் தூரமில்லை. ஆறுதல் சொல்கிறவருக்கு வராது என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை.

கடைசியாகப் பொட்டலங்கள். முதல் வாரம் அதில் போய்விடும் என்று எழுதியதில் ஒரு நிம்மதி தெரிகிறது. ஏழு வீட்டிலும் காபி கொடுத்து, ‘சாமி, எங்க புள்ள எப்படி இருக்கான்’ என்று சுற்றி உட்காருவார்கள், அங்கே வார்த்தை நன்றாக வரும். அது கடமை என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடுவதாகத் தெரிகிறது. சாவு விழுந்த வீடு ஏதாவது இருந்தால் பதினைந்தாம் நாளுக்குமேல் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள், அந்த வீட்டுப் பெண்ணிடம் உங்களைவிட அவர் நன்றாகப் பேசுவார். மற்றதை காட்பாடியில் இறங்கியதும் கூரியரில் போடுங்கள். தெரு வரைக்கும் எழுதித்தானே வைத்திருக்கிறீர்கள்.

ஏழில் உங்கள் வீட்டுக்கு எது என்று கடிதத்தில் தேடினேன். இல்லை. லே கடைத்தெருவில் உலர்ந்த ஆப்ரிகாட் அரைக் கிலோ வாங்கி எட்டாவதாக ஒன்று கட்டுங்கள். மேலே பையன் பெயரும் வகுப்பும் பிரிவும் பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம்.