மரபணு சொன்ன பிறகும் பரிசோதனை எதற்கு?

அன்புள்ள ஐயா,

கொழுப்பு மருந்துகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிசிஎஸ்கே9 மரபணு பழுதானவர்களுக்கு மாரடைப்பு அபூர்வம் என்று எழுதியிருந்தீர்கள். இயற்கையே விடையைச் சொல்லிவிட்டதே, அப்புறம் எதற்கு ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து, பாதிப் பேருக்குப் போலி ஊசி போட வேண்டும்? நடத்தித்தான் ஆக வேண்டுமென்றால், மரபணு பார்த்து, பலன் கிடைக்கக்கூடியவர்களை மட்டும் சேர்த்தால் போதாதா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து எந்த மரபணு வடிவம் நமக்கு வரும் என்பது கருவிலேயே விழும் சீட்டு. நம் சாப்பாடோ வசதியோ பழக்கமோ அதைத் தீர்மானிப்பதில்லை. மருந்துப் பரிசோதனையிலும் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கிறார்கள். அதனால்தான் மரபணு ஆதாரத்துக்கு இத்தனை மதிப்பு.

அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்டிஎல்லின் கதையே போதும். டார்செட்ரபிப் என்ற மருந்து அதை எழுபது சதவீதத்துக்கு மேல் கூட்டியது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு அதிகமானதால் 2006-இல் பரிசோதனையை நிறுத்தினார்கள். (அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, அது தனிக் கதை.) பிறவியிலேயே ஹெச்டிஎல்லைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் தெரியவந்தது. வரிசை மாறி வந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

இனி உங்கள் பிசிஎஸ்கே9. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்லை ரத்தத்தில் தங்கவைக்கும் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு இது. பழுதானால் எல்டிஎல் குறையும். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,363 கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்களில் 85 பேருக்கு இந்த மரபணு பழுது. பதினைந்து ஆண்டுகளில் அந்த 85 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் இதய நோய் வந்தது. அவர்களுடைய எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் நோய் அபாயம் 88 சதவீதம் குறைவு.

அதே புரதத்தைத் தடுக்கும் இவோலோகுமாப் ஊசியின் பெரிய பரிசோதனை முடிவு 2017-இல் வந்தது. ஆட்கள் 27,564 பேர். எல்டிஎல் 59 சதவீதம் இறங்கியது, அதாவது மரபணு இறக்கியதைவிட இரண்டு மடங்கு. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை சேர்ந்த கணக்கில் குறைந்தது 15 சதவீதம்.

மரபணு பொய் சொல்லவில்லை. அந்த 85 பேரும் பிறந்த நாள் முதல் குறைந்த கொழுப்போடு வாழ்ந்தவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கோ ரத்தக்குழாய் நோய் முன்பே வந்துவிட்டது, அவர்களைக் கவனித்ததும் சுமார் இரண்டு ஆண்டுகள்தான். ஐம்பது வருடம் படிந்ததை இரண்டு வருடத்தில் கரைக்க முடியுமா? 88 சதவீதத்தை நம்பி, சில நூறு பேர் போதும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், வேலை செய்யும் மருந்தே தோற்றதாகத் தெரிந்திருக்கும். எந்தப் புரதத்தைக் குறிவைப்பது என்று மரபணு சொல்லும். எந்த வயதில், எவ்வளவு காலம், எந்த அளவு என்பதை அதிலிருந்து நாம்தான் கணக்கிட்டு எடுக்க வேண்டும். மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் இன்னொரு ரத்தக் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்(ஏ) விஷயத்தில் அப்படிச் செய்தார்கள். சில ஆண்டு மருந்தில் பலன் தெரிய அதை எவ்வளவு இறக்க வேண்டும் என்று மரபணுத் தரவிலிருந்தே மதிப்பிட்டார்கள். மிகப் பெரிய இறக்கம் வேண்டும் என்று வந்தது. ஆரம்பத்திலேயே அளவு மிக அதிகமாக உள்ளவர்களிடம்தான் அப்படி இறக்க இடம் இருக்கிறது. அதை இறக்கும் பெலகார்சென் மருந்தின் பரிசோதனையில், டெசிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளவர்களையே சேர்த்தார்கள்.

'பலன் கிடைப்பவர்களை மட்டும்' என்ற உங்கள் இரண்டாவது யோசனை புற்றுநோயில் நன்றாகவே பலித்திருக்கிறது. நுரையீரல் புற்றில் ஜெஃபிடினிப் மருந்தை வழக்கமான கீமோவோடு ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டுப் பரிசோதனையில், கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மருந்து கீமோவை வென்றது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ கீமோவைவிட மோசம். எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரு தரப்பையும் ஏமாற்றுவதாகும். ஆனால் இங்கே ஒன்று கவனியுங்கள்: மாற்றம் இல்லாதவர்களும் பரிசோதனையில் இருந்ததால்தான் இது தெரிந்தது.

மாற்று உதாரணம் டால்செட்ரபிப். டார்செட்ரபிப் போலவே ஹெச்டிஎல்லைக் கூட்டும், பலனில்லை என்று 2012-இல் கைவிட்ட மருந்து. பழைய தரவைக் கிளறியபோது, ஏடிசிஒய்9 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு மட்டும் பலன் இருந்தது போலத் தோன்றியது. அந்த வடிவம் உள்ள ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்களை மட்டும் திரட்டிப் புதிதாக நடத்தினார்கள். முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. தோற்ற தரவுக்குள் தேடிக் கண்டெடுத்த மரபணுவையும், மருந்து பிறக்கும் முன்பே நோயோடு தொடர்பு நிரூபணமான மரபணுவையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பேன். முன்னது ஒரு ஊகம், அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அந்த 85 பேரிடம் இருந்த பழுது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக மிக அரிது. ஆய்வில் வெள்ளையர்களை மட்டும் சேர்த்திருந்தால் அந்த 85 பேரை யாரும் பார்த்தே இருக்கமாட்டார்கள். இன்று உலகிலுள்ள மரபணுத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது.