பத்து நிமிடம் கழித்துத் திறக்கும் கம்ப்யூட்டர்: ஃபார்மேட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2017-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. என் தையல் கடையில்தான் வைத்திருக்கிறேன். எக்ஸெலில் கணக்குப் போடுவேன், பில் அடிப்பேன், மாலையில் மகள் அதில் பாடம் பார்ப்பாள். இப்போதெல்லாம் ஆன் செய்தால் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. கொழுந்தனார் மகன் இரண்டு 'கிளீனர்' போட்டுக் கொடுத்தான். அதன்பின் இன்னும் மோசம். சர்வீஸ்காரர் ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடித்துவிடலாமா, இல்லை புதிதுதான் வாங்க வேண்டுமா? எனக்குக் கம்ப்யூட்டரில் அடிப்படைகூடத் தெரியாது.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் எது திணறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஹார்டு டிஸ்க் தேய்ந்திருக்கலாம், ரேம் போதாமல் இருக்கலாம், புராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம், வேண்டாத புரோகிராம்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காரணம் தெரியாமல் ஃபார்மேட் அடித்தால் சில வாரம் ஓரளவு வேகமாக இருக்கும். அப்டேட்டுகளும் நீங்கள் போடும் புரோகிராம்களும் திரும்ப ஏறியதும் பழையபடி ஆகிவிடும்; இடையில் கணக்கு ஃபைல் போயிருந்தால் அது மட்டும் திரும்ப வராது.

அதனால் எதையும் தொடும் முன் கணக்கு, பில், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். திரையின் முகப்பில் வைத்திருக்கும் ஃபைல்களையும் விட்டுவிடாதீர்கள். அவை விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் இருப்பவை. ஃபார்மேட் அடிக்கும்போது முதலில் போவது அவைதான், பலருக்கு இது தெரிவதில்லை. காப்பி ஆனதும் பென் டிரைவைக் கழற்றி, மகளின் பள்ளிக்கூட வேலைக்குக் கொடுத்துவிடாமல், பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இனி சோதனை. கம்ப்யூட்டர் முழுக்கத் திறந்த பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டுங்கள். சி.பி.யூ. (புராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று பத்திகள் இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். வேறு எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். உங்கள் மெஷினின் வயதையும் வகையையும் வைத்துப் பார்த்தால், டிஸ்க் 100-ல் ஒட்டிக்கொண்டு நிற்கும், சி.பி.யூ. இருபதைக்கூடத் தொடாது, மெமரி 80-க்கு மேல் இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஏன் அப்படி? ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன. டெஸ்க்டாப்பில் வரும் 1 டி.பி. டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று. தட்டில் இருப்பதைப் படிக்கும் முள் சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று கீழே வரும்வரை காத்திருக்க ஒவ்வொரு தடவையும் 12, 13 மில்லி செகண்ட் போகிறது. பெரிய சினிமா ஃபைல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இது தெரியாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னத் துண்டுகள் என்றால் ஒரு நொடிக்கு நூறைத் தாண்டுவதே கஷ்டம். விண்டோஸ் 10 திறக்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத்தான். அத்தோடு 4 ஜி.பி. ரேமில் ஏறத்தாழ பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. பிரவுசரும் எக்ஸெலும் திறந்ததும் இடம் போதாமல், ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவிட்டு, வேண்டும்போது திரும்பப் படிக்கிறது. ஏற்கெனவே திணறும் டிஸ்க்குக்கு இது இரட்டைச் சுமை. ரேம் குறைவும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 என்றே தெரிவதற்கு இதுதான் காரணம்.

டிஸ்க் மெதுவானது மட்டும்தானா, சாகப்போகிறதா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கித் திறந்தால், டிஸ்க்கின் நிலையை நிறத்தில் காட்டும். நீலத்தில் 'குட்' என்றிருந்தால் நல்லது. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், டிஸ்க்கில் சில இடங்கள் படிக்க முடியாமல் போகத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த நிலையில் டிஃப்ராக், செக் டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள். டிஸ்க்கை முனையிலிருந்து முனைவரை துழாவ வைக்கும் வேலைகள் அவை. தேய்ந்த டிஸ்க் அதிலேயே உயிரை விடக்கூடும். காப்பி எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கை மாற்றும் வேலைக்கே போய்விடுங்கள்.

செலவில்லாத வேலைகளை இப்போது செய்வோம். முதலில் அந்த இரண்டு கிளீனர்களையும் நீக்குங்கள்: செட்டிங்ஸ், ஆப்ஸ், பெயரைத் தட்டி அன்இன்ஸ்டால். இவை கம்ப்யூட்டர் திறக்கும்போதே தாமும் திறந்து, எந்நேரமும் டிஸ்க்கைத் துழாவுகின்றன. விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு ரெஜிஸ்ட்ரி; அதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் பகுதிதான் இன்னும் ஆபத்து. ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பழைய வரிகள் கிடப்பதால் வேகம் குறைவதில்லை. தவறான வரியை நீக்கினால் ஒரு புரோகிராமே திறக்காமல் போகலாம். வாங்கியபோது கூடவே வந்து காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் உங்கள் வேலைக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு தடவை திறந்து பார்க்கும்.

அடுத்து டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பக்கம். எதிரே 'ஹை' என்று இருப்பவற்றைத் தேர்ந்து 'டிஸேபிள்' கொடுங்கள். மீட்டிங் செயலிகள், கேம் செயலிகள், மொபைல் இணைக்கும் மென்பொருள் எல்லாம் நீங்கள் கேட்கும்போது திறந்தால் போதும். டிஸேபிள் என்பது நீக்குவதல்ல, பயமில்லாமல் செய்யலாம். ஆடியோ, டிஃபெண்டர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

சி டிரைவில் இடம் குறைவாக இருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். அங்கே வரும் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்து நீங்கள் இறக்கிவைத்த பில்களும் சேர்ந்து போய்விடும். சி டிரைவில் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருந்தால் போதும். அதற்கு மேல் நீக்குவதால் வேகம் கூடாது. வீடியோக்களில் சொல்வதைப் பார்த்து 'பிரீஃபெட்ச்' ஃபோல்டரைக் காலி செய்யும் பழக்கமும் வேண்டாம். புரோகிராம்களைச் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. அழித்தால் அடுத்த முறை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். விண்டோஸ் 10-ல் 'ஷட் டவுன்' கொடுப்பது பல கம்ப்யூட்டர்களில் முழு அணைப்பல்ல. சீக்கிரம் திறக்க வேண்டுமென்று விண்டோஸின் அடிப்படைப் பகுதி இருக்கும் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறது. அதனால் பழைய சிக்கலும் தொடர்கிறது. வாரம் ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், அதுதான் முழுக்க அணைந்து புதிதாகத் தொடங்கும்.

கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நீங்கள் எழுதியது முக்கியம். தையல் கடையில் பறக்கும் நூல் பிசிறும் துணிப் பஞ்சும் சாதாரணத் தூசியைப் போல உதிர்ந்துவிடாது. புராசஸர் ஃபேனுக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும். புராசஸரின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தம் அதிகமாக இருக்கிறது, திறந்த புதிதில் ஓடிவிட்டு அரை மணியில் மெதுவாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், காரணம் சூடுதான்.

சுத்தம் செய்ய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டை வாசலுக்கோ மாடிக்கோ கொண்டுபோய், பின்பக்கத்து இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். புதிய, காய்ந்த ஓர் அங்குல பெயின்ட் பிரஷ் போதும். புளோயர் கிடைத்தால் இன்னும் நல்லது. காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனரின் முனையை போர்டின் மேல் தேய்க்காதீர்கள், ஸ்டாட்டிக் மின்சாரம் சிப்புகளைக் கெடுக்கும். ஈரத்துணியும் கூடாது. கரண்ட் கேபிள் வந்து சேரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப்போடும் மின்சாரம் நிற்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும். உங்கள் கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்தச் சுத்தம் வேண்டும், கேபினட்டையும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள்.

பிசிறு எடுத்த பிறகும் சூடு குறையவில்லையென்றால், புராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இத்தனை வருடத்தில் காய்வது இயல்புதான். சர்வீஸ்காரரிடம் இதைக் கேளுங்கள்: பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஒரு பச்சைப் பயறு அளவு புதியது வைத்துத் தரச் சொல்லுங்கள். கேபினட் திறந்திருக்கும்போதே, கம்ப்யூட்டரில் தேதி தானாகப் பழைய வருடத்துக்குப் போகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படிப் போனால் போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் பல தளங்களைத் திறக்க மறுக்கும், நீங்கள் இணையம் மெதுவாக இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பத்து நிமிடம் ஐந்தாகக் குறையலாம், அரை நிமிடமாகக் குறையாது. அதற்கு ஹார்டு டிஸ்க்கின் வேலையை எஸ்.எஸ்.டி.யிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் சுழல்வதும் இல்லை, முள்ளும் இல்லை, எந்தத் துண்டையும் காத்திருக்காமல் எடுத்துத் தரும். உங்கள் போர்டுக்குக் கட்டாயம் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகை. 240 அல்லது 256 ஜி.பி. அளவு போதும். கூடவே ஒரு சாட்டா டேட்டா கேபிள் வாங்க மறக்காதீர்கள், எஸ்.எஸ்.டி. பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது. பில்லும் வாரண்டியும் தரும் கடையிலேயே வாங்குங்கள்.

ரேம் விஷயத்தில் அவசரப்பட்டுத் தப்பானதை வாங்கிவிடுவார்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொரு 4 ஜி.பி. சேர்க்கலாம். ஆறாம் தலைமுறை போர்டுகள் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 இரண்டு வகையிலும் வந்தன. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. இப்போது இருக்கும் ரேமின் ஸ்டிக்கரில் பி.சி.4 என்றிருந்தால் டி.டி.ஆர்.4, பி.சி.3 என்றிருந்தால் டி.டி.ஆர்.3. அதைப் படமெடுத்துக் கடையில் காட்டிவிடுங்கள். மொத்தம் 8 ஜி.பி. ஆனால் உங்கள் வேலைக்கு நிறைவு. யாராவது 16 போடச் சொன்னால் கேட்க வேண்டாம்.

எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைத் தொடப்போவதில்லை என்பதால் இதில் எதுவும் அழியாது. ஆனால் ஒரு நிபந்தனை: விண்டோஸ் ஏறும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். மாட்டியபடியே விட்டால் கம்ப்யூட்டரைத் திறக்கும் பகுதியைச் சில சமயம் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடும். பிறகு அந்த டிஸ்க் பழுதாகும் நாளில் நல்ல எஸ்.எஸ்.டி. இருந்தும் கம்ப்யூட்டர் திறக்காது. லைசன்ஸ் கேட்கும் இடத்தில் கீ இல்லை என்பதைத் தேர்ந்து, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைப் போட வேண்டும். உங்களுடையது டிஜிட்டல் லைசன்ஸ் என்றால் அது மதர்போர்டோடு இணைந்தது, இணையம் கிடைத்ததும் தானாக ஏற்றுக்கொள்ளும். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பழைய டிஸ்க்கை மாட்டி, பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எஸ்.எஸ்.டி.யை முதலில் வையுங்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் படங்களைச் சேமிக்க அது உதவும்.

புதிது வாங்குவதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் முறையாகப் போடலாம், உங்களுடையதற்குக் கிடைக்காது. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் கடைக் கணக்கு இருக்கும் மெஷினைக் கொடுக்காதீர்கள். வீட்டு உபயோகக்காரர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை வரும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். அதன்பிறகும் இந்த மெஷினையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல வழி. எஸ்.எஸ்.டி.யும் 8 ஜி.பி. ரேமும் இருந்தால் அது தாராளமாக ஓடும், எக்ஸெல் ஃபைல்களை லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவசப் புரோகிராம் திறக்கும். எஸ்.எஸ்.டி.க்குப் போடும் பணமும் வீணாகாது, நாளை வேறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

லினக்ஸுக்கு மாறும் முன், அதை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதுவும் மாறாது. கணக்கு வைத்திருக்கும் அந்த பென் டிரைவில் ஏற்றாதீர்கள், அதில் இருப்பது அழிந்துவிடும், வேறொன்று வேண்டும். பில் அடிக்க எக்ஸெல் தவிர வேறு புரோகிராம் வைத்திருந்தால் அது லினக்ஸில் ஓடுமா, உங்கள் பிரிண்டரில் பில் வருகிறதா, எக்ஸெல் கணக்கில் கூட்டுத்தொகைகள் சரியாக நிற்கின்றனவா என்று மூன்றையும் ஒரு கடை விடுமுறை நாளில் பார்த்துவிடுங்கள்.