பின் ஸ்பீக்கர்கள் ஏன் பேசவில்லை? கேம் கன்சோல் 5.1 கேள்வி பதில்

கேள்வி: பிஎஸ்4-ஐ (பிளேஸ்டேஷன் 4) ஆப்டிகல் கேபிளில் ஹோம் தியேட்டருடன் இணைத்திருக்கிறேன். முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள்தான் ஒலிக்கின்றன.

பதில்: 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என ஆறு சேனல். ஆப்டிகலில் பிசிஎம் ஒலி, அதாவது சுருக்காத ஒலி, இரண்டு சேனலுக்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டலாகச் சுருக்கினால் ஆறும் போகும். ஆடியோ அவுட்புட் செட்டிங்ஸில் பிரைமரி அவுட்புட் போர்ட்டை ஆப்டிகல் ஆக்கி, டால்பி டிஜிட்டல் 5.1-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆடியோ ஃபார்மேட்டை லீனியர் பிசிஎம்மிலிருந்து பிட்ஸ்ட்ரீம் டால்பிக்கு மாற்றுங்கள். இந்த இரண்டாம் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையர் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று பார்க்காமல் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பிஎஸ்5-இல் ஆப்டிகல் எங்கே இருக்கிறது?

பதில்: இல்லை. 2016-இல் வந்த பிஎஸ்4 ஸ்லிம்மிலேயே எடுத்துவிட்டார்கள். எச்டிஎம்ஐதான் வழி.

கேள்வி: அண்ணா, நின்டெண்டோ ஸ்விட்சை டிவியில் செருகி, ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் வசதி) வழியாக சவுண்ட்பாருக்குக் கொடுத்திருக்கிறேன். சரவுண்ட் என்று வைத்தும் ஸ்டீரியோதான் வருகிறது. அதே டிவியில் பிஎஸ்4-க்கு 5.1 வருகிறது. ஸ்விட்ச் பழுதா?

பதில்: பழுதில்லை. ஸ்விட்ச் ஒலியை டால்பியாகச் சுருக்குவதில்லை. ஆறு சேனலையும் பிசிஎம்மாகவே அனுப்புகிறது. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஆறு சேனல்: பெருக்கினால் நொடிக்கு சுமார் 46 லட்சம் பிட். டால்பி டிஜிட்டல் 6.4 லட்சத்துக்குள் அடங்கிவிடும்; பிஎஸ்4 அப்படிச் சுருக்கி அனுப்புவதால்தான் அதற்கு 5.1 வருகிறது. சாதாரண ஏஆர்சியும் ஆப்டிகலைப் போலத்தான். பிசிஎம் என்றால் இரண்டு சேனல். அதனால் டிவி ஆறையும் இரண்டாகக் கலந்து அனுப்புகிறது. டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் இஏஆர்சி (பல சேனல் பிசிஎம்மையும் கடத்தும் மேம்பட்ட ஏஆர்சி) இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஸ்விட்சை நேராக சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் செருகுங்கள். அது பல சேனல் பிசிஎம்மை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிஎஸ்4, ஆப்டிகல், பின்னால் சத்தமில்லை.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிஎஸ்4-ஐ எச்டிஎம்ஐயில் நேராக ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்) இணைத்திருக்கிறேன். பிசிஎம் வைத்தால் டால்பி விளக்கு எரிவதில்லை. டால்பிதானே உயர்ந்தது?

பதில்: இல்லை. விளையாட்டின் ஒலி நீங்கள் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில்தான் உருவாகிறது. அதைக் கன்சோல் டால்பியாகச் சுருக்கினால் தரமும் குறையும், நேரமும் பிடிக்கும். உங்கள் இணைப்புக்குப் பிசிஎம்தான் சரி.

அதே வாசகர்: ப்ளூரே படத்துக்கு மட்டும் விளக்கு எரிகிறதே?

பதில்: படத்தின் டால்பி ஒலித்தடம் வட்டிலேயே பதிவாகி இருக்கிறது. அதைப் பிரிக்காமல் அனுப்பினால் விளக்கு எரியும். விளையாட்டுக்கு அப்படியொரு தடம் கிடையாது.

இன்னொரு வாசகர்: அவர் சொல்வதே சரி. டால்பியில்தான் எனக்குப் பின்பக்க ஒலி தெளிவாகக் கேட்கிறது.

பதில்: ரிசீவரில் இரண்டுக்கும் ஒலி அளவு சமமாக இருக்கிறதா? நைட் மோட் (உரத்த ஒலியை அடக்கும் வசதி) அணைத்திருக்கிறதா? இவற்றைச் சரிசெய்துவிட்டு, விளையாட்டில் ஓர் அருவிக்குப் பக்கத்தில் நின்று கேமராவை மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். அருவிச் சத்தம் அறையைச் சுற்றி வந்தால் ஆறு சேனலும் வருகின்றன. விளக்கை விட்டுவிட்டுக் காதால் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பின் ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை. புது ரிசீவர் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். எந்தக் கன்சோல், எந்தக் கேபிள், முகப்பில் என்ன எழுத்து? மூன்றையும் எழுதுங்கள், பார்க்கலாம்.