தோலுக்கு அடியில்

வணக்கம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் ஆறுகளின் போக்கே மாறிவிட்டது என்று ஒரு காணொளி பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. அது உண்மையா? இவ்வளவு நல்லது செய்யும் விலங்கை அங்குள்ள மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஏன் வெறுக்கிறார்கள்? அவர்களுக்குத்தான் இழப்பீடு கொடுக்கிறார்களே?
- ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

ஆற்றுக் கதையை விட்டுவிடுங்கள். 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் அவை மேயும் ஆற்றோர வில்லோ செடி தழைத்தது. ஆனால் மானைக் கரடியும் தின்றது, மனிதனும் வேட்டையாடினான். எதனால் எது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உயிரோடு இருப்பதற்கு ஓநாய் ஆற்றைத் திருப்பிக் காட்ட வேண்டுமா என்ன?

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத உட்காரவைத்தது. 'கொடுக்கிறார்களே' என்ற அந்த ஏகாரம்.

மொன்டானா மாநிலத்தில் ஒரு பண்ணையில் நான்கு நாள் தங்கியிருந்தேன். கன்று ஈனும் பருவம். ஒரு காலையில் வேலியோரம் கன்று ஒன்று செத்துக் கிடந்தது. ஓநாய்தான் கொன்றதா என்று பார்க்க அதிகாரி வந்து கத்தியை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தார். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். செத்தபிறகு வந்து தின்றிருந்தால் அப்படிக் கட்டாது. பண்ணைக்கார அம்மா பக்கத்திலேயே குனிந்து நின்றார். பின்தொடைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு. "ஓநாய்தான்" என்றார் அதிகாரி. தாய்ப்பசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டே இருந்தது. மடியிலிருந்து பால் சொட்டியது.

"இதுவாவது கிடைத்தது. போன வருஷம் நாலு கன்று கிடைக்கவே இல்லை" என்றார் அந்த அம்மா. கிடைக்காத கன்றுக்கு எதை உரித்துக் காட்டுவது?

கொலராடோ மாநிலத்தில் 2020இல் ஓநாய் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 50.9 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அதில் பெரும்பாலும் டென்வர், போல்டர் பக்கத்து நகரத்து வாக்குகள். 2023 டிசம்பரில் ஒரிகனிலிருந்து வந்த பத்து ஓநாய்களை இறக்கிவிட்டதோ மலைக்கு மேற்கே, மாடு மேயும் இடத்தில். ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு உண்டு. நல்ல தொகைதான். ஆனால் பணத்தைக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். உங்கள் கண்ணீருக்கு ஒரு செலவும் இல்லை. அந்த அம்மா தன் தூக்கத்தைக் கொடுக்கிறார்.

ஓநாயோடு வாழ்வது என்றால் வேலை, தோழி. செத்த மாட்டை உடனே அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அந்த வாடைக்கே ஓநாய் வரும். குதிரையில் மந்தையோடு சுற்ற ஆள் வேண்டும். காவல் நாய் வேண்டும். கயிற்றில் சிவப்புத் துணிகளைக் கட்டி வேலி நெடுக ஓடவிட வேண்டும். அவை காற்றில் ஆடுவதைக் கண்டு ஓநாய் தயங்கும், அதுவும் சில வாரங்களுக்குத்தான். அப்புறம் பழகிவிடும். இந்த வேலைக்கெல்லாம் கூலி கொடுங்கள். கன்று சாவதற்கு முன்னால் கொடுங்கள்.

வெறுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு நாளில் பண்ணைக்கார அம்மா ஓநாயை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று சாயங்காலம் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். இருட்டும் வரை கட்டினோம். மறுநாள் பனியில் கால்தடங்கள். துணி வரிசைக்கு வெளியே, வேலி நெடுக நடந்து, ஓரிடத்தில் நின்று, திரும்பிப் போயிருந்தன. அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு தடத்தின் மேல் தன் கையை வைத்து அளந்து பார்த்தார். அப்புறம் எழுந்து, அடுத்த கம்பத்தில் அவிழ்ந்திருந்த துணியை இறுக்கிக் கட்டினார்.